மின்தொகுப்பின் சேமநிதி

நம் சங்கங்களின் அங்கத்தினர்கள் மின்சாரத்தைப் பற்றி விசாரிக்கும்போது வழக்கமாக இரண்டு கேள்விகளையே எழுப்புகின்றனர். மின்சாரம் எத்தனை மணி நேரம் வரும் என்பது ஒன்று. யூனிட் என்ன விலை என்பது மற்றொன்று. நெசவாளராயினும் உழவராயினும் இவ்விரண்டையும் கேட்பது இயற்கையே. ஆயினும் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. வருகின்ற மின்சாரம் ஒரே சீராக நிலைத்து வருவதற்கு யார் பொறுப்பு, அப்பொறுப்பைச் சுமப்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதே அது. இதனை எவரும் கேட்பதில்லை. கேளாமையினால் அதன் விடை நமக்குச் சம்பந்தமற்றதாகிவிடாது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜனவரி 31 தேதியிட்டு வெளியிட்ட துணைச் சேவைகள் பற்றிய விதிமுறைகளில், நம் பம்பு செட்டுகள் கூட ஒரு நாள் நுழையக்கூடிய கதவு ஒன்று திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் துணைச் சேவை என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று அண்ணாமலையார் திருத்தேர் மாடவீதிகளில் வலம் வருவதை நம் வட்டாரத்தில் காணாதவர் இலர். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரக்கணக்கானோர். அவர்களையன்றிச் சக்கரத்தின் அருகிலேயே கட்டையும் கையுமாக நடந்து வரும் சிலரும் உளர். தேர் சரிவில் வேகங்கொள்ளும்போதும் திருப்பத்தில் விலகும்போதும் முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் கீழ்க் கொடுத்து அதனை நெறிப்படுத்துபவர் இவர்களே. இவர்கள் தேரை ஒரு முழமும் இழுப்பதில்லை. எனினும் இவர்கள் இல்லாமல் தேரை நகர்த்த எவரும் துணிவதில்லை. மின்சாரம் உற்பத்தி செய்வோர் வடம் பிடிப்போர் என்றால், துணைச் சேவை செய்வோர் முட்டுக்கட்டை போடுவோர் ஆவர். இவர்கள் விற்பது மின்சாரத்தை என்பதைவிட, மின்சாரத்தின் நிதானத்தை என்பதே பொருந்தும்.

மின்சாரம் விந்தையானதொரு சரக்கு. நூலைக் கிடங்கில் அடுக்கலாம். நெல்லைக் குதிரில் கொட்டலாம். கம்பிக்குள் மின்சாரத்தை இருப்பு வைக்க இயலாது. உற்பத்தியாகும் கணத்திலேயே அது செலவாக வேண்டும். நாடெங்கும் ஒரு கணத்தில் தேவைப்படும் அளவும், அதே கணத்தில் உற்பத்தியாகும் அளவும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. அத்தராசின் முள்ளுக்கு அதிர்வெண் என்று பெயர். நம் நாட்டில் வழங்கும் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. இதனை 50 ஹெர்ட்ஸ் என்பர். அனல்மின் நிலையத்துப் பெரிய இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இந்த 50 கிடைக்கிறது. தேவை திடீரென மிகுந்தால், பாரம் ஏற்றப்பட்ட வண்டிமாடு நடை தளர்வது போல இயந்திரத்தின் வேகம் தளரும். அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும். தேவை குறைந்து உற்பத்தி மிஞ்சினால் வேகம் கூடும். முள் மேலே ஏறும். ஒரே தொகுப்பில் இணைந்த இயந்திரங்கள் யாவும் சேர்ந்தே தளரும், சேர்ந்தே விரையும். வேங்கிக்கால் ஏரிக்கரைக் கிணற்றில் ஓடும் மோட்டாரும் இமயமலை அடிவாரத்து நீர்மின் நிலையச் சுழலியும் இன்று ஒரே தாளத்துக்கு ஓடுகின்றன என்றால் அது மிகைக்கூற்று அன்று.

முள் சற்றே சாய்ந்தால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ் 48 ஆகக் குறைந்தால் மோட்டாரின் வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைகிறது. நிமிடத்திற்கு 120 ஊடு போடும் விசைத்தறி ஏறத்தாழ 115 ஊடுக்கு இறங்கும். அங்குலத்திற்கு 48 ஊடு கொண்ட துணியாயின், எட்டு மணி நேர வேலையில் ஒரு தறிக்கு நான்கடித் துணி குறைகிறது. நெசவாளரின் உழைப்பில் குறைவில்லை. கூலியில் மட்டும் குறைவு. பம்பின் நிலைமை இன்னும் மோசம். வேகம் நான்கு பங்கு குறைந்தால் நீரைத் தள்ளும் உயரம் ஏறத்தாழ எட்டுப் பங்கு குறையும். நீர்மட்டம் ஆழத்தில் உள்ள கோடைக் காலத்துக் கிணற்றில் இந்த எட்டுப் பங்குதான் வாய்க்காலில் நீர் விழுவதற்கும் விழாமைக்கும் உள்ள வேறுபாடு. அதிர்வெண் இன்னும் சரிந்தால் பெரிய சுழலிகளின் தகடுகளே அதிர்ந்து பழுதாகும் என்பதனால் மின்நிலையங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தொகுப்பினின்று விலகிவிடும். ஒன்று விலகினால் மற்றவற்றின் பாரம் மிகும், அவையும் விலகும். முழு இருள் சூழ்வது இவ்வாறுதான். அந்நிலை நேராதிருக்க, முள் 49.5-க்குக் கீழே சரியச் சரியச் சில பீடர்களைத் தாமாகவே துண்டிக்கும் கருவிகளைத் துணை மின்நிலையங்களில் அமைத்துள்ளனர். மருத்துவமனை முதலிய அவசர இடங்களுக்குச் செல்லும் பீடர்களை விலக்கி, ஏனையவற்றையே இதற்குத் தேர்ந்தெடுப்பர். ஆதலின் அந்த வலையில் கிராமத்துப் பீடர்கள் முதலில் அகப்படுவதில் வியப்பில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் நின்றதை நம் அங்கத்தினர்கள் மறந்திரார். அது உற்பத்திப் பற்றாக்குறையினால் வந்த துன்பம். நாம் இங்குப் பேசுவது வேறு. போதிய மின்சாரம் இருந்தும், அது கணத்துக்குக் கணம் தேவையோடு பொருந்தாமையினால் வரும் கேடு இது.

தனித்தனிக் குடும்பமும் ஒரே தொகுப்பும்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கியபோது, அவை ஒவ்வொன்றும் தனிக் குடும்பமாகவே இருந்தன. பின்னர் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன்பின் மாநிலங்கள் இணைந்து தென்மண்டலத் தொகுப்பு உருவாயிற்று. வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு மண்டலங்கள் 2006 ஆகஸ்டில் ஒரே அதிர்வெண்ணில் இணைந்துவிட்டன. 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர் சோலாப்பூர் இடையே அமைந்த 765 கிலோவோல்ட் பாதையின் வழியாகத் தென்மண்டலமும் அதனோடு சேர, நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று. தொடக்கச் சங்கம் மத்திய வங்கியோடு இணைவது போன்றது இது. நெருக்கடியில் மற்றவர் கை கொடுப்பர். மற்றவரது தவறும் நம் தலையில் விழும். இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

மண்டலங்கள் தனியாக இருந்த காலத்தில் ஒழுங்கு என்பது பெயரளவிலேயே இருந்தது. தென்மண்டலத்தில் அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ் அளவில் நெடுநேரம் கிடந்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு ஒதுக்கிய அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் தடுப்பாரில்லை. எடுத்ததற்குக் கொடுக்கும் விலையும், பிறருக்கு விளைத்த கேட்டுக்கு ஈடாக இல்லை. பொதுக் கிணற்றில் முறை தவறி இறைப்பவன் கதைதான்.

இதற்கு 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் நடைமுறைக்கு வந்த மருந்து மிகவும் சாமர்த்தியமானது. நாளினைப் பதினைந்து நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் இவ்வளவு எடுப்பேன், இவ்வளவு கொடுப்பேன் என்று முன்னரே அட்டவணை தர வேண்டும். அட்டவணையை மீறி எடுத்தால், அந்நேரத்து அதிர்வெண் எவ்வளவோ அதற்கேற்ற விலை. முள் தாழத் தாழ விலை உயரும். முள் உயர்ந்தால் விலை சரியும். மீட்டரைப் பார்த்தாலே அந்தக் கணத்தின் விலை எவருக்கும் தெரிந்துவிடும், தரகர் வேண்டியதில்லை. இதன் பயனாக முள் வெகுவாக நிமிர்ந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நாளடைவில் இதுவே ஒரு சந்தையாகிவிட்டது. முறையாக ஒப்பந்தம் செய்து மின்சாரம் வாங்குவதற்குப் பதிலாக, மீறி எடுத்து விலையைக் கொடுத்துவிடலாம் என்று சிலர் இருந்தனர். தம் மக்களுக்கு வெட்டுப் போட்டுவிட்டு, முள் தாழ்ந்த நேரத்தில் மிச்சத்தை விட்டுக்கொடுத்துப் பணம் பார்த்தவர்களும் இருந்தனர். அபராதம் என்று வைத்தது அனுமதிச் சீட்டாக மாறிவிடும் விபத்தை நாம் கடன் சங்கங்களிலும் கண்டிருக்கிறோம். தவணை தவறியவருக்கு அபராத வட்டி மிகக் குறைவாயிருந்தால், தவணை தவறுவதையே அவர் ஒரு கடன்வசதியாகக் கருதிவிடுவார்.

அதன் விளைவு 2012-இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 30 அன்று அதிகாலை 2 மணி 33 நிமிட அளவில் வடமண்டலம் முழுதும் இருண்டது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் தேவை ஒரே வீச்சில் அறுந்தது. சிரமப்பட்டு மீட்டனர். மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்தன; இம்முறை 48,000 மெகாவாட் அளவு. அறுபது கோடி மக்கள் வாழும் பகுதி அது. இரண்டு நாட்களிலும் பீனா குவாலியர் இடையேயான 400 கிலோவோல்ட் பாதை அளவுக்கு மீறிய பாரத்தினால் துண்டித்துக்கொண்டதே தொடக்கம். கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. வீழ்ச்சிக்குச் சற்று முன்னர் அதிர்வெண் முதல் நாள் 49.68, மறுநாள் 49.84. முள் அவ்வளவாகச் சாயவில்லை. அட்டவணையை மீறிச் சில மாநிலங்கள் எடுத்தது ஒருபுறமிருக்க, அதிர்வெண் மாறும்போது தாமே உற்பத்தியைக் கூட்டிக் குறைக்க வேண்டிய கவர்னர் கருவிகளைப் பல மின்நிலையங்கள் முடக்கி வைத்திருந்தன. தேரில் கட்டை போடுவோர் வீட்டுக்குச் சென்றுவிட்டனர் என்று சொல்லலாம். தென்மண்டலம் அன்று அத்தொகுப்போடு நேர்மின்னோட்டப் பாதைகளால் மட்டுமே இணைந்திருந்தமையால் தப்பியது. இன்று நேர்ந்தால் நாம் தப்பியதாகக் கூற இயலாது.

மூன்று அடுக்குக் காவல்

மத்திய ஆணையம் 2015-இல் துணைச் சேவைகளுக்கெனத் தனி விதிமுறைகளை வகுத்து, 2016 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் கருத்து எளியது. மத்திய மின்நிலையங்களில் எவரும் கேட்காமல் எஞ்சி நிற்கும் திறனைத் தேசிய மின்சுமைப் பகிர்வு மையம் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும். உற்பத்தியைக் கூட்டச் சொன்னால், எரிபொருட்செலவுடன் யூனிட்டுக்கு 50 பைசா கூடுதலாகக் கிடைக்கும். குறைக்கச் சொன்னால், மிச்சமான எரிபொருட்செலவில் நூற்றுக்கு 75 பங்கைத் திருப்பித் தந்துவிட்டு 25 பங்கை நிலையமே வைத்துக்கொள்ளும். எரிபொருள் யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உற்பத்தி செய்யாமல் இருந்ததற்கு 75 பைசா ஊதியம்! நூல் சுற்றாமல் இருந்ததற்குக் கூலியா என்று நம் நெசவாளர் நகைக்கக்கூடும். ஆயினும் வேண்டாத நேரத்தில் சுற்றாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதனைச் சொன்ன நேரத்தில் செய்வது எளிதும் அன்று.

2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதனை விரிவாக்கி மூன்று அடுக்காக்கின. முதல் அடுக்கு, நாம் மேலே கூறிய கவர்னர் கருவியின் வேலை. ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றால், எவரும் ஆணையிடாமலே மற்ற நிலையங்கள் சில விநாடிகளில் நீராவியையோ நீரையோ கூடுதலாகத் திறந்துவிட வேண்டும்; நாற்பத்தைந்து விநாடிக்குள் முழு உதவியும் வந்து சேர வேண்டும். இது மின்நிலையங்களின் கட்டாயக் கடமை. இரண்டாம் அடுக்கில், தேசிய மையத்தின் கணினி நான்கு விநாடிகளுக்கு ஒருமுறை நிலையங்களுக்குக் குறிப்பனுப்பிக்கொண்டே இருக்கும். முப்பது விநாடிக்குள் அதற்குச் செவிசாய்க்கத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்திற்குள் முழு அளவை எட்ட வேண்டும். 2018 ஜனவரியில் தாத்ரி அனல்மின் நிலையத்தில் முதன்முதலாக இம்முறையைச் சோதித்துப் பார்த்தனர். குறிப்புக்கு எவ்வளவு துல்லியமாக ஒரு நிலையம் கீழ்ப்படிந்தது என்பதை அளந்து, அதற்கேற்ப யூனிட்டுக்கு 50 பைசா வரை ஊக்கத்தொகை தருகின்றனர், கீழ்ப்படியாதவர்க்கு ஒன்றுமில்லை. இந்தத் தராதர ஊதியமே விதிமுறையின் சிறந்த பகுதி என்பது நம் கருத்து. மூன்றாம் அடுக்கு, இரண்டாம் அடுக்கில் நின்றவர்களை விடுவித்து அவர்களை அடுத்த ஆபத்துக்கு ஆயத்தமாக்குவது. இதனை மின்சாரச் சந்தையில் ஏலமுறையில் வாங்குகின்றனர். ஏலத்தில் ஏற்கப்பட்டு, அழைக்கப்படாமலே காத்து நின்ற அளவுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு.

எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்பதற்கும் ஒரு நியாயம் வைத்துள்ளனர். மண்டலத்தின் மிகப் பெரிய இயந்திரம் ஒன்று நின்றாலும் தாங்க வேண்டும். நம் மண்டலத்தில் அது கூடங்குளம் அணுமின் நிலையத்தின் 1,000 மெகாவாட் அலகு. ஆதலின் 2015 அக்டோபரில் ஆணையம் பிறப்பித்த ஆணையில் தென்மண்டலத்தின் இரண்டாம் அடுக்குக் கையிருப்பு 1,000 மெகாவாட் என்று குறிக்கப்பட்டது. இங்கிலாந்தும் இவ்வாறே ஏறத்தாழ 1,000 மெகாவாட் கையிருப்பு வைத்திருந்தது. 2019 ஆகஸ்ட் 9 அன்று மின்னல் தாக்கியதையொட்டி ஒரு வாயு மின்நிலையமும் கடற்காற்று மின்நிலையமும் அடுத்தடுத்து நின்றபோது கையிருப்பு போதவில்லை, அதிர்வெண் 48.8-க்கு இறங்கிப் பதினொரு இலட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

கையிருப்பின் அருமை நம் நாட்டில் வெளிப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 5. ஊரடங்கின்போது இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் வேண்டியிருந்தார். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று மதிப்பிட்டு ஆயத்தம் செய்தனர். அனல்மின் நிலையங்களை முன்னதாகவே தாழ்த்தி, நீர்மின் நிலையங்களை உயர்த்தி வைத்துக்கொண்டனர். நீரின் மடையை நிமிடத்தில் மூடித் திறக்கலாம், கொதிகலனை அவ்வாறு செய்ய இயலாது. உண்மையில் குறைந்ததோ 31,089 மெகாவாட்! மதிப்பீட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நீர்மின் நிலையங்கள் அரைமணி நேரத்திற்குள் 17,543 மெகாவாட் இறங்கி, விளக்குகள் மீண்டும் எரிந்ததும் ஏறிக்கொடுத்தன. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. ஒரு வீட்டிலும் மின்விசிறி நிற்கவில்லை. மக்கள் அகல்விளக்கை மட்டுமே கண்டனர்; பின்னே முட்டுக்கட்டை போட்டவர்களைக் காணவில்லை.

செலவு யார் தலையில்?

சும்மா நிற்கும் இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பது வீண் என்று வாதிடுவோர் உண்டு. நம் சங்கங்களிலும் சேமநிதிக்கு எதிராக இதே வாதம் ஆண்டுதோறும் பேரவையில் எழுவதைக் கேட்கிறோம். இலாபத்தின் ஒரு பகுதியை ஏன் முடக்குகிறீர்கள், பங்காதாயமாகத் தந்துவிடலாகாதா என்பர். சட்டம் இடங்கொடாது, அதற்குக் காரணமும் உண்டு. நூல் விலை ஓர் ஆண்டு தலைகீழாகும்போதோ, துணி தேங்கிக் கிடக்கும்போதோ சங்கத்தைக் காப்பது அந்த முடக்கப்பட்ட பணமே. மின்தொகுப்பின் கையிருப்பும் அத்தகையதே. வேறுபாடு ஒன்று: சேமநிதி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம், இது விநாடிக்கணக்கில் பாய வேண்டும்.

இப்பணம், அட்டவணையை மீறுவோர் செலுத்தும் தொகைகள் சேரும் பொதுக் கணக்கிலிருந்து முதலில் கொடுக்கப்படுகிறது. அதாவது தொகுப்பைக் குலைத்தவர் பணத்தைக் கொண்டே அதனை நிறுத்தியவருக்குக் கூலி. மிக நேர்மையான ஏற்பாடு என்றே சொல்லலாம். ஆயினும் மீறுவோர் யார்? பெரும்பாலும் மாநில விநியோகக் கழகங்களே. அவை செலுத்துவது இறுதியில் கட்டணத்திலோ அரசின் மானியத்திலோ வந்து நிற்கும். விவசாய இணைப்புக்கு நாம் கட்டணம் செலுத்துவதில்லை. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்துக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் 2023 முதல் இலவசம். இலவசமாதலின் செலவு நம் கண்ணுக்குப் படுவதில்லை; ஆனால் சங்கத்தின் கிடங்கு, பாவு பட்டறை, அலுவலகம் ஆகியவற்றின் பட்டியலில் அது மறைந்து வரும்.

வருங்காலத்தில் இச்செலவு கூடுமேயன்றிக் குறையாது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது; கமுதியில் 2016-இல் அமைந்த சூரியசக்தி நிலையம் மட்டும் 648 மெகாவாட். மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும், நினைத்த நேரம் ஓயும். மாலை ஆறு மணிக்குக் கதிரவன் மறைய, அதே வேளையில் வீடுகளில் விளக்கு ஏறும். மேலும் கனமான சுழலி தன் கனத்தாலேயே சில விநாடி வேகத்தைத் தக்கவைக்கும். சூரியத் தகட்டுக்கு அந்தக் கனம் இல்லை. இதற்கு ஈடு தேட வேண்டும். ஆனைமலையில் உள்ள காடம்பாறை நிலையத்தின் நான்கு இயந்திரங்களும், ஒவ்வொன்றும் 100 மெகாவாட், மின்சாரம் மிஞ்சும்போது கீழ்நீரை மேலணைக்கு ஏற்றவும் வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கவும் அமைந்தவை. 1987-க்கும் 1989-க்கும் இடையே அவற்றை நிறுவியவர்களின் தொலைநோக்கைப் பாராட்ட வேண்டும். மின்கல அடுக்குகளோ ஒரு விநாடிக்குள் விடையளிக்க வல்லவை. இவை யாவும் இலவசமாக வரா.

அதிர்வெண்ணைப் போலவே மின்னழுத்தமும் காக்கப்பட வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் இருண்டதற்கு அழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்தது காரணம். நம் ஊரில் நேர்மாறான நோய். வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் குறைந்த அழுத்தம், கருகிய சுருள் என்ற முறையீடு பழகிய ஒன்று. மோட்டார்கள் உழைக்கும் மின்சாரத்துடன், தம் காந்தப் புலத்துக்காக உழைக்காத ஒரு மின்னோட்டத்தையும் கம்பியில் இழுத்து அழுத்தத்தைத் தாழ்த்துகின்றன. ஸ்டார்ட்டர் அருகே பொருத்தும் கெப்பாசிட்டர் அதனை அங்கேயே ஈடுசெய்யும். மாநிலங்களுக்கிடையில் இதற்கு விலையே வைத்துள்ளனர்: அழுத்தம் 97 விழுக்காட்டுக்குக் கீழிருக்கும்போது இழுப்பவர் பணம் கட்ட வேண்டும், 103-க்கு மேலிருக்கும்போது தள்ளுபவர் கட்ட வேண்டும். ஒரு மின்மாற்றியின் கீழ் இருபது மோட்டார் இருந்து மூன்றில் மட்டும் கெப்பாசிட்டர் இருந்தால் பயனில்லை. இருபதிலும் இருந்தால் கடைசிக் கிணற்றிலும் அழுத்தம் நிமிரும். இதற்கு ஆணையம் எதுவும் வேண்டியதில்லை. சங்கம் மொத்தமாக வாங்கிக் கடனில் கொடுக்கலாம்.

இனி அந்தக் கதவுக்கு வருவோம். 2022 விதிமுறைகளின்படி மின்நிலையம் மட்டுமன்றி, மின்சாரத்தைச் சேமிப்பவரும், சொன்னவுடன் தம் தேவையைக் குறைத்துக்கொள்ள வல்லவரும், தனியாகவோ பலர் ஒன்றுசேர்ந்தோ, இரண்டாம் மூன்றாம் அடுக்குச் சேவையைச் செய்யலாம். இரண்டாம் அடுக்குக்குக் குறைந்தது ஒரு மெகாவாட் கூட்டவோ குறைக்கவோ இயல வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஏறத்தாழ 3.73 கிலோவாட். எனவே ஓடிக்கொண்டிருக்கும் 270 மோட்டார்கள் சேர்ந்தால் ஒரு மெகாவாட். ஒரு சங்கத்தின் எல்லைக்குள்ளேயே அவ்வளவு கிணறுகள் அகப்படும். மாநிலத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. நெற்பயிர் கால்மணி நேரம் நீர் நின்றால் வாடாது. ஆனால் அந்தக் கால்மணி நேரம் தொகுப்புக்குப் பெருஞ்செல்வம்.

நாளையே பணம் வரும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நம் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. அளக்காத சேவைக்குக் கூலி பெற இயலாது. நான்கு விநாடிக் குறிப்பை ஏற்கும் தொடர்புச் சாதனம் வேண்டும். மத்திய ஆணையத்தின் விதிகள் மாநிலங்களுக்கிடையிலான தொகுப்புக்கு உரியவை. மாநிலத்துக்குள் வகை செய்ய வேண்டியது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கைப்பேசியால் இயங்கும் ஸ்டார்ட்டர் இப்போது பல கிணறுகளில் வந்துவிட்டதால் நிறுத்துவது அரிதன்று. நிறுத்தியவற்றை மீண்டும் எப்படிப் போடுவது என்பதிலேயே இடர் உள்ளது. மின்சாரம் வந்த கணமே எல்லா மோட்டாரும் தாமாக ஓடத் தொடங்கினால், நாம் தீர்க்க வந்த நோயை நாமே உண்டாக்கியவர் ஆவோம். பகுதி பகுதியாகத் தொடங்கும் முறை கட்டாயம்.

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் இலவச மின்சாரம் பறிபோகும் என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சம் நியாயமற்றது என்று நாம் கூறமாட்டோம். அதற்கு எழுத்து மூலமான உறுதி கேட்பதே முறை. விதிமுறை ஏதேனும் வகுப்பதற்கு முன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தை ஆணையங்கள் கேட்கின்றன. அவ்வேளையில் பெரிய மின்நிலையங்களும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றனர்; கூட்டுறவுச் சங்கங்களின் குரல் அரிதாகவே கேட்கிறது. சேவை அளவைக்கென வைக்கும் மீட்டரைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றும், நிறுத்திய நேரத்துக்கு ஈடான மும்முனை மின்சாரம் அதே நாளில் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும், பல கிணறுகளைத் திரட்டித் தரும் உரிமை இடைத்தரகர்க்கு அளிக்கப்படும் முன் பதிவுபெற்ற சங்கத்துக்கு அளிக்கப்பட வேண்டும் என்றும் நாம் எழுதலாம். வரைவின் மீது கருத்து அனுப்பக் கட்டணம் ஏதுமில்லை. நிர்வாகக் குழுவின் தீர்மான நகலும் தபால் செலவுமே போதும்.